மைக் செட்காரர் வாய் திறக்கக் கூடாது

சமூகப் பணிப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "சார், நீங்க எதனால இந்த வேலைக்கு வந்தீங்க? யாரப் பாத்து வந்தீங்க?" அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு தலைவரின் பெயர், இல்லாவிட்டால் ஒரு மகானின் பெயர். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு பெயர். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன். "இங்க ஒரு கட்டி வந்துச்சு. அதனால வந்தேன்." சிரிப்பார்கள். கிண்டலே இல்லை, அதுதான் உண்மை. முழுக்கதையையும் சொல்ல வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த நாளை நினைத்ததுமே, பாருங்கள், கை பரபரக்கிறது.

என் பெயர் காதர். செஞ்சி பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தேன். ரிக்கார்டு தட்டுகளை ஓரங்கட்டிவிட்டு கேசட் கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்த எண்பதுகள் அவை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சினிமா விளம்பரம் எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். என் குரலும் சேர்த்துத்தான் வாடகை. ஆனால் எனக்குப் பெருமை தந்த வேலை வேறு. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் கூடுகிற ஜனத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்து வைப்பது என் பொறுப்பு.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. கணவனைத் தொலைத்துவிட்டு ஒரு பெண் என் மைக் கொட்டகைக்கு ஓடி வருவாள். "பேரு இன்னாம்மா?" என்றால் வாயைப் பொத்திக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரை மனைவி சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். என் மனைவி ஜைத்தூனே என்னை "மைக் செட்டுக்காரரு" என்றுதான் ஊருக்குள் சொல்வாள். அதனால் நான் பெயரைக் கேட்பதையே விட்டுவிட்டேன். மூத்த பிள்ளையின் பேர் என்ன, அவர் தோளில் என்ன துண்டு, கையில் என்ன பொருள். இந்த மூன்றும் போதும். "தொண்டூர் மல்லிகாவின் அப்பா, பச்சைத் துண்டு, கையில் பூசணிக்காய், உங்க வீட்டம்மா மைக் கொட்டகையில் அழுதுகிட்டு இருக்காங்க" என்று ஒரு குரல் விட்டால் மனுஷன் பூசணிக்காயோடு ஓடி வருவார். நடுநடுவே பொது அறிவிப்பு ஒன்றும் உண்டு: "கூட்டத்தில் பிரிந்தவர்கள் பிரிந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அங்கேயே உட்காருங்கள். தேடி வருவார்கள்." இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குரல் கொஞ்சம் கரகரத்தது. சளி என்று நினைத்தேன். ஜைத்தூன் மிளகும் பனங்கற்கண்டும் பாலில் போட்டுக் கொடுத்தாள். மாதங்கள் போயின, கரகரப்பு போகவில்லை. ஒரு கல்யாண வீட்டில் "மணமக்களை வாழ்த்த" என்று ஆரம்பித்தேன், அடுத்த வார்த்தைக்கு வெறும் காற்றுதான் வந்தது. குழாய் கெட்டுவிட்டது என்று பெண் வீட்டார் என்னைத் திட்டினார்கள். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

செஞ்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் என்னைப் பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் வாட்டின.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் நிஜமாகவே பெரியது. காது மூக்கு தொண்டைப் பிரிவைக் கண்டுபிடிப்பதற்குள் பிரசவ வார்டு, பல் பிரிவு, சமையற்கட்டு எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. பெஞ்சில் காத்திருந்தோம். ஜைத்தூன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பயந்தால் அவள் ஊட்டிவிடுவாள், அது அவள் பழக்கம்.

டாக்டர் இளவயதுக்காரர். என் நாக்கைத் துணியில் சுற்றி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டார். நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைச் சாராய விளக்கில் லேசாகச் சூடு காட்டினார். சூடாக்காவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடுமாம். அதைத் தொண்டைக்குள் விட்டு, "ஈ... சொல்லுங்க" என்றார். ஆயிரம் மேடை பார்த்த எனக்கு "ஈ" வரவில்லை.

பிறகு தாளில் படம் போட்டு விளக்கினார். தொண்டைக்குள் வெள்ளையாக இரண்டு மடிப்புகள் இருக்கின்றன, குரல்நாண் என்று பெயர். பேசும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அதிரும், அதுதான் குரல். என்னுடையதில் ஒன்றின் மேல் ஒரு சதை வளர்ந்திருக்கிறது, அதனால் இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன.

"கேன்சரா டாக்டர்?" ஜைத்தூன்தான் கேட்டாள்.

"எடுத்து லேபுக்கு அனுப்பினாதாம்மா தெரியும். சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம்."

மயக்க ஊசி போட்டு எடுத்தார்கள். கண் விழித்ததும் டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார். "புண்ணு ஆறணும். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. கத்தினீங்கன்னா அந்த இடம் தழும்பாயிடும், அப்புறம் இந்தக் குரல் ஆயுசுக்கும் திரும்பாது. புரியுதா?"

புரிகிறது என்று சொல்லப் போனேன், ஜைத்தூன் என் வாயைப் பொத்தினாள்.

இரண்டு பயம் எனக்கு. லேபிலிருந்து என்ன வரும் என்பது ஒன்று. நல்ல முடிவே வந்தாலும் குரல் வருமா என்பது இன்னொன்று. குரல் இல்லாத மைக் செட்காரன் வெறும் ஒயர் சுற்றுகிறவன். படுக்கையில் கிடந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஜைத்தூன் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தாள். அதில் ஒரு சிக்கல், அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த மாசிலாமணி கைகொடுத்தார். தபால்காரர், சைக்கிளிலிருந்து விழுந்தவர். காது மூக்கு தொண்டை வார்டில் எலும்பு முறிந்தவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போட்டார்கள். நான் எழுதினால் அவர் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பார். "கஞ்சியில் உப்பு இல்லை" என்று எழுதினேன். வாசித்துவிட்டு, "உப்பு ஒடம்புக்கு ஆவாது பாய், ஒயுங்கா குடி" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். ஒருநாள் ஜைத்தூனுக்கு மட்டும் ஒன்று எழுதினேன். அதையும் வாசித்துவிட்டார். அவள் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். என்ன எழுதினேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பேசறது இப்பதாங்க உங்க காதுல வுழுது" என்றாள் அவள். வார்டே அதை ஆமோதித்தது. நான் பதில் பேசமாட்டேன் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கட்டிலில் உட்கார ஆரம்பித்தார்கள். மகனோடு பேச்சு நின்றுபோனவர், ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிப்போகத் திட்டம் போட்டவர், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் காலையிலேயே விழுங்கியவர். வாழ்நாள் முழுக்க நான் பேசி ஊர் கேட்டது. இப்போது ஊர் பேசுகிறது, நான் கேட்கிறேன். கேட்கக் கேட்க எனக்கு என் பயம் கொஞ்சம் மறந்துபோனது. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு தூணுக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒயர் கூடை, சுருட்டிய பாய், ஆறிப்போன டீயோடு ஒரு சொம்பு. முந்தின நாளும் அவளை அதே தூணடியில் பார்த்திருந்தேன். அதே சொம்பு.

எனக்குச் சுரீரென்றது. இந்த உட்காரலை எனக்குத் தெரியும். அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்தவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள்.

ஊன்றுகோலோடு என் பின்னால் வந்த மாசிலாமணியை இழுத்துக்கொண்டு போய் சிலேட்டில் எழுதினேன். அவர் வாசித்தார். "இன்னாம்மா, யாரத் தேடற?"

"எங்க வூட்டுக்காரர. தளவானூருங்க நாங்க. கெணத்துல மோட்டாரு எறக்கறப்ப வுழுந்துட்டாரு, தலையில அடி. போட்டோ புடிக்கணும்னு உள்ள இட்டுனு போனாங்க. டீ வாங்கியான்னாரு. வாங்கினு வரேன், ஆளக் காணோம்."

அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒரு வழியாக உள்ளே போனவரை மறு வழியாக வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விசாரிக்கும் இடத்தில் கேட்டிருக்கிறாள். பெயர் கேட்டிருக்கிறார்கள். "செல்வியோட அப்பா" என்றிருக்கிறாள். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அந்த ஆளும் என்ன செய்வார், "பேரக் கேட்டுனு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். ஊரில் என்றால் பெயரைச் சொல்ல பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இங்கே அவளுக்கு யாரும் இல்லை.

"சரி, எழுந்து வா, தேடலாம்" என்று எழுதினேன்.

அவள் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நவர மாட்டேங்க. பிரிஞ்ச எடத்த வுட்டு நவரக் கூடாதுன்னு மலையனூர்ல மைக்குல சொல்லுவாங்க. தேடினு வருவாங்கன்னு."

அது என் அறிவிப்பு! மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தார். "அடியம்மா, அந்த மைக்குக்காரரே இவுருதான்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போய்யா. அவுரு கொரலு இன்னா கம்பீரமா இருக்கும். இவுரு ஊமையாச்சே."

மைக்கைத் தட்டுகிற மாதிரி தட்டிக் காட்டினேன், ஊதுகிற மாதிரி ஊதிக் காட்டினேன். பயன் இல்லை. என் பேச்சை அவ்வளவு மதிக்கிறவள், என் பேச்சாலேயே அசையமாட்டேன் என்கிறாள். சரி, பழைய முறைக்கே போவோம் என்று எழுதினேன். தோளில் என்ன துண்டு? செவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. கையில்? பச்சை குத்தியிருக்கும், வேல். மாசிலாமணியை அவளுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சிலேட்டில் கொட்டை எழுத்தில் "தளவானூர் செல்வியின் அப்பா" என்று எழுதி, மார்போடு பிடித்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்தேன். லுங்கியும் சிலேட்டுமாக என்னைப் பார்த்துப் பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் விரட்டினார். ஆண்கள் வார்டு, எலும்பு வார்டு, மாடியில் ஒன்று, மறு கட்டடத்தில் ஒன்று. பின்பக்கத்துத் தலைக்காய வார்டு வாசலில் நர்ஸம்மா ஒருவர் நின்று சிலேட்டை உரக்க வாசித்தார். "செல்வியின் அப்பாவா? யாருப்பா அது?"

"நான்தாம்மா!"

ஸ்டிரெச்சரில் தலை முழுக்கக் கட்டோடு ஒருத்தர் எழப் பார்த்தார். கையில் வேல். "அவ எங்கம்மா? வூட்டுக்குப் போயிட்டாளா?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் குதித்தேன். குதித்த கையோடு நர்ஸம்மா சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மெட்ராஸுக்குக் கொண்டுபோய்த்தான் ஆபரேஷன் செய்யவேண்டும். வேன் வந்து நிற்கிறது, அதில் இன்னொரு ஆபத்தான கேஸும் போகிறது. "இவ்ளோ நேரம் ஆள் வரும்னு பாத்தோம். இனிமே நிறுத்த முடியாது. ஓடிப்போய்க் கூட்டியாங்க, ஓடுங்க!"

அவர் தோள் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளி அப்படி ஓடி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தூணடியில் போய்த் துண்டை அவள் மடியில் போட்டேன். செவப்புக் கரையைப் பார்த்ததும் எழுந்தாள் பாருங்கள், கூடை ஒரு பக்கம், சொம்பு ஒரு பக்கம். எனக்கு முன்னால் ஓடினாள். வழி தெரியாமல் நின்று திரும்பினாள். கையைக் காட்டினேன், மறுபடி ஓடினாள். மாசிலாமணியால் வர முடியவில்லை. "ஓடு பாய், ஓடு!" என்ற அவர் சத்தம் மட்டும் எங்கள் பின்னால் வந்தது.

பின்வாசலை அடைந்தபோது வேன் கிளம்பிவிட்டது. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நர்ஸம்மா உள்ளே போய்விட்டார். நடுவில் மணல் குவியல், ஜல்லி, கட்டுமான வேலை. ஓடிப் பிடிக்க முடியாது. கத்தினால்தான் உண்டு. என் குரலுக்கு அந்தத் தூரம் ஒரு தூரமே இல்லை. மலையனூரில் அதைப் போலப் பல மடங்கு தூரம் வீசியிருக்கிறேன்.

மூச்சை இழுத்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. தழும்பு. ஆயுசுக்கும் திரும்பாது. கடை, குழாய், ஜைத்தூன் எல்லாம் கண்ணில் வந்து போனது. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன்.

"கோதண்டோம்!"

என் குரல் இல்லை அது. பக்கத்திலிருந்து வந்தது. அவள் இரண்டு கையையும் வாயோரம் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தாள்.

"யோவ் கோதண்டோம்! கோதண்டோம்!"

முற்றத்தில் சட்டி தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஓட்டுநருக்குக் கோதண்டம் யாரென்று தெரியாது. ஆனால் வேனுக்குள் படுத்திருந்தவருக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குரலில் தன் பெயரை ஒருமுறைகூடக் கேட்காத மனுஷன், உள்ளேயிருந்து தகரத்தை டம் டம் என்று குத்த ஆரம்பித்தார். வேன் குலுங்கி நின்றது.

ஓடினோம். கதவு திறந்தது. அவள் ஏறி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள். "பேரச் சொல்லிட்டனே... இப்பப் போயி பேரச் சொல்லிட்டனே... ஒனக்கு எதுனா ஆனா நான் இன்னா பண்ணுவேன்..."

கட்டுக்கு நடுவிலிருந்து அவர் அவளையே பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

வேன் போய்விட்டது. நான் ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல்தான், அதற்குத்தான் அனுமதி. எத்தனையோ ஆயிரம் பேரை மைக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒருவர் சேரும் முகத்தையும் நின்று பார்த்ததில்லை, அடுத்த அறிவிப்பு காத்திருக்கும். அன்றைக்குப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்றிருந்தது. கேன்சரோ கட்டியோ, இனி இதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது என்று தோன்றிவிட்டது.

மறுநாள் விமலா மேடம் என் கட்டிலுக்கு வந்தார். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். மாடி ஜன்னல் தலைகளில் ஒன்று அவருடையது. "உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா?" என்றார். "நீங்க எதனால வந்தீங்க?" என்று சிலேட்டில் திருப்பிக் கேட்டேன். சிரித்தார். "ஹாஸ்டல் வசதியோட வேலை கெடைச்சுதுன்னு வந்தேன். வந்த புதுசுல, வார்டுல ஒரு பெரியவர் என்னைத் தன் பொண்ணுன்னு நெனச்சு ரெண்டு இட்லிய எடுத்து வச்சிருந்தார், நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்னு. அதுக்கப்புறம் வேற வேலைக்கு எழுதிப் போடவே தோணல." பிறகு கேட்டார். "குரல் வந்தாலும் வராட்டியும், வாரத்துல ஒரு நாள் இங்க வந்து அந்தத் தூண்கிட்ட நிப்பீங்களா? தினம் யாராவது தொலையறாங்க." மாசிலாமணி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாய் வருவாரு, எழுதிக்குங்க" என்றுவிட்டார்.

லேப் முடிவு வந்தது. சாதாரணக் கட்டி. கத்திக் கத்தியே வந்ததாம். ஜைத்தூன் அங்கேயே துணி விரித்துத் தொழுதாள், பிறகு வார்டு முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். குரலைச் சோதிக்கும் நாளில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது ஒரு வார்த்தை, மெதுவா" என்றார். பிஸ்மில்லாஹ் என்று ஆரம்பிக்கவேண்டும் என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"கோதண்டம்" என்று வந்தது. தெளிவாக வந்தது.

"நல்லா வருதே! யாருங்க அது?" என்றார் டாக்டர். வார்டே சேர்ந்து அவருக்குப் பதில் சொன்னது.

பல அமாவாசைகள் கழித்து நான் மறுபடியும் மலையனூர்க் கொட்டகையில் உட்கார்ந்தேன். வாரத்தில் சில நாள் பாண்டிச்சேரித் தூணடி, மீதி நாள் கடை என்று ஆகியிருந்தது. தூணடிதான் பிறகு கடையை முழுசாக விழுங்கியது, அதுதான் இன்று நான் சம்பளம் வாங்குகிற வேலை. அன்று பொது அறிவிப்பையும் மாற்றியிருந்தேன். "பிரிந்தவர்கள் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள். கூப்பிடுங்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள்."

மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினால், கொட்டகை ஓரத்தில் ஒருத்தர் குந்தியிருந்தார். செவப்புக் கரைத் துண்டு. தலையில் தழும்பு தெரிய முடி குட்டையாக வளர்ந்திருந்தது. கையில் வேல்.

"அண்ணே! தனியாவா வந்தீங்க? செல்வியோட அம்மா எங்க?"

"கூட்டத்துல வுட்டுட்டேன்."

"இருங்க, இப்பவே கூப்பிடறேன்." மைக்கை எடுத்தேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"வேணாம் பாய், மைக்க வையி. அவளே கூப்புடுவா."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். உடுக்கைச் சத்தம், பம்பைச் சத்தம், பலூன்காரன் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே, தேர் நிற்கும் பக்கத்திலிருந்து வந்தது. "கோதண்டோம்!"

நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் லுங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இரு பாய். இன்னொரு தபா கூப்புடட்டும்."